கடலோர ஏரியாவில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி

கடல் இருக்கிற நகரத்துக்குப் போகிறோம், தங்குகிற இடத்திலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான், பசி வந்ததும் கால் தானாகவே அலை தெரிகிற கடையைப் பார்த்துப் போய்விடும். அங்கேதான் நிறைய பேருக்குச் சாப்பாடு கெட்டுப்போகிறது. கடலைப் பார்த்த முதல் வரிசைக் கடைகளுக்கு வாடகை அதிகம், அதனால் விலையும் அதிகம். அதைவிடப் பெரிய விஷயம், இன்று வந்து சாப்பிட்டவர் திரும்ப வரப்போவதில்லை என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். நாளைக்கும் இதே ஆள் வரவேண்டும் என்ற கட்டாயம் உள்ள கடையில்தான் சமையல் ஒழுங்காக நடக்கும். அப்படிப்பட்ட கடை கரையோரத்திலும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி, சந்தைப் பக்கமோ துறைமுக வாசல் பக்கமோ பேருந்து நிற்கிற இடத்திலோ இருக்கும். காற்று வாங்க ஆசையாக இருந்தால் கரையோரக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள், சாப்பாட்டை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இடத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். நல்ல கடையைக் கண்டுபிடித்துத் தப்பான நேரத்தில் போய் உட்கார்ந்தால் சுமாரான சாப்பாடுதான் கிடைக்கும். கடலோர ஏரியாவில் நல்ல நேரம் எது என்பதைப் படகுகள்தான் முடிவு செய்கின்றன. சில இடங்களில் இரவு கடலுக்குப் போன படகுகள் விடியற்காலையில் திரும்பும், சில இடங்களில் அதிகாலையில் போய் மதியமோ மாலையோ கரை சேரும். போய் இறங்கிய அன்றைக்கே இதை யாரிடமாவது கேட்டுவிடுங்கள். விடியலில் ஏலம் போடுகிற இடம் என்றால் மதியச் சாப்பாட்டை அங்கே பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காலை 5 மணிக்கு இறங்கிய மீன் இரவு 8 மணிக்கு 15 மணி நேரம் பழையது, நடுவில் ஐஸ் சரியாக இருந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. மாலையில் படகு வருகிற இடம் என்றால் மதியத்துக்கு லேசாக எதையாவது சாப்பிட்டுவிட்டு ராத்திரிக்குக் காத்திருக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 'இன்று வந்த மீன்' என்று கடைக்காரர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் இன்று கரைக்கு வந்ததும் இன்று பிடித்ததும் ஒன்றில்லை. பெரிய விசைப்படகுகள் பல நாள் கடலிலேயே இருந்து, பிடித்ததை எல்லாம் ஐஸில் போட்டுக்கொண்டு வருகின்றன. முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே காலையில்தான் இறங்கும். சின்னப் படகில் போய் அன்றே திரும்புகிறவர்கள் கொண்டுவருவது கொஞ்சமாகத்தான் இருக்கும், அளவிலும் சின்ன மீன்களாக இருக்கும், ருசி அதில்தான். ஆகவே கேட்கும்போது 'இது சின்னப் படகு மீனா, பெரிய படகு மீனா' என்று கேளுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் என்று தெரிந்தாலே பதில் சொல்கிற விதம் மாறிவிடும்.

காலண்டரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பல நாடுகளில் மீன்கள் முட்டையிடும் காலத்தில் சில மாதம் மீன்பிடித் தடை போடுகிறார்கள், அப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்சாதனக் கிடங்கிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ வளர்ப்புக் குளத்திலிருந்தோ வந்ததாக இருக்கும். காற்றும் அலையும் பலமாக இருந்த நாட்களுக்கு அடுத்த நாளும் இதே கதை. விளக்கு வெளிச்சத்தில் மீனையும் கணவாயையும் கூட்டிப் பிடிக்கிற இடங்களில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பிடிப்பு குறையும், நிலா வெளிச்சமே போதுமென்று அவை விளக்கைத் தேடி வருவதில்லை. மீனவர்கள் வழக்கமாகக் கடலுக்குப் போகாத வார நாள் ஒன்றும் பல ஊர்களில் இருக்கும், அந்த நாளில் மீன் கடைக்குப் போவதைவிட வேறு சாப்பாட்டைத் தேடுவது புத்திசாலித்தனம்.

சரி, நேரம் தெரிந்துவிட்டது. அடுத்த வேலை, மீன் சந்தைக்கு ஒரு நடை போய்வருவது. வாங்கிச் சமைக்கப் போவதில்லை என்றாலும் போக வேண்டும். இந்த ஊரில் இன்று நல்ல மீன் எப்படி இருக்கிறது என்று அங்கே உங்கள் கண்ணுக்குப் பழகிவிடும், அப்புறம் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கண் உப்பலாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், குழிவிழுந்து வெளுத்திருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு ஏறியிருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். வாசனை கடல் தண்ணீர் மாதிரி இருக்கலாம், மூக்கைத் துளைக்கிற நெடி வரக்கூடாது. கணவாய் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருந்தால் நல்லது, இளஞ்சிவப்பு படர ஆரம்பித்திருந்தால் நாளாகிவிட்டது. இறாலுக்குத் தலை கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். நண்டைக் கையில் தூக்கினால் அதன் அளவுக்கு மேல் கனமாகத் தெரிய வேண்டும். உயிரோடு இருக்கிற சிப்பி வாய் திறந்திருந்தாலும் தட்டினால் மூடிக்கொள்ளும், மூடாததை விட்டுவிடுங்கள்.

சந்தையில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது, மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். நல்ல மீன் வைத்திருக்கிற வியாபாரியிடம் போய், 'உங்களிடம் எந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் மீன் வாங்குகிறார்?' என்று கேளுங்கள். எந்தக் கடை நேரில் வந்து பொறுக்கி வாங்குகிறது, எந்தக் கடை மிச்சம் விழுந்ததை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஏல நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள், பரபரப்பு அடங்கின பிறகு கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மற்றவர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. 'இங்கே எந்தக் கடை நன்றாக இருக்கும்' என்று கேட்டால், விருந்தாளிக்குத் தகுந்தது என்று அவர்கள் நினைக்கிற, ஏசி போட்ட, பெரிய போர்டு வைத்த கடையைத்தான் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நாமும் நம் ஊருக்கு வந்தவருக்கு அதைத்தான் செய்வோம். அதற்குப் பதிலாக 'நீங்கள் இன்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்' என்று கேளுங்கள். வலை பின்னுகிறவர், ஐஸ் பெட்டி தூக்குகிறவர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன், பக்கத்து அலுவலக ஊழியர் என்று அந்த ஏரியாவிலேயே தினமும் பகலில் இருக்கிறவர்களாகப் பார்த்துக் கேட்க வேண்டும். தங்குமிட வரவேற்பறையிலும் வாடகை வண்டியிலும் கிடைக்கிற சிபாரிசில் சில நேரம் கமிஷன் கலந்திருக்கும், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் யோசிக்காமல் போய்விடலாம்.

மொபைலில் தேடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஸ்டார் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வது வீண் வேலை. கூகுள் மேப்பில் ஒரு கடையைத் திறந்தால் எந்த நேரத்தில் கூட்டம் என்று மணிக்கு மணி ஒரு பட்டை வரைபடம் பல கடைகளுக்கு இருக்கும், அதைப் பாருங்கள். செவ்வாய், புதன் மதியம் கூட்டம் ஏறுகிற கடை உள்ளூர்க்காரர்களுக்குச் சோறு போடுகிற கடை. வாரக் கடைசி மாலையில் மட்டும் கூட்டம் என்றால் அது வெளியூர்க்காரர்களை நம்பி நடக்கிறது. அப்புறம் ரிவ்யூக்களைப் புதியது முதலில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், நல்ல மாஸ்டர் வேலையை விட்டுப் போனால் போன மாதமே ருசி மாறியிருக்கும், 3 வருடத்துக்கு முந்தைய புகழ்ச்சியால் உங்களுக்கு லாபமில்லை. எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பல நேரம் தெரியும், அதே நகரத்தில் சலூன், மெக்கானிக், கிளினிக் என்று எழுதியிருக்கிறவர் அங்கேயே வாழ்கிறவர், அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். 1 ஸ்டாரும் 5 ஸ்டாரும் கோபமும் உற்சாகமுமாக இருக்கும், 3 ஸ்டார் கொடுத்தவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்து எழுதுவார்கள். தேடும்போது ஆங்கிலத்தில் மட்டும் தேடாமல் அந்த ஊர் மொழியில், அந்த ஊர் எழுத்தில் சாப்பாட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள், வேறு ஒரு பட்டியலே வந்து விழும்.

கடை வாசலுக்கு வந்துவிட்டீர்கள். உடனே உள்ளே போகாமல் 2 நிமிடம் நில்லுங்கள். வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடுகிற கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். எண்ணெய் வாசனையைக் கவனியுங்கள், பல தடவை காய்ந்த எண்ணெய்க்குத் தொண்டையைக் கரகரக்க வைக்கிற ஒரு நெடி உண்டு, எவ்வளவு நல்ல மீனும் அதில் பிழைக்காது. மெனு சின்னதாக இருக்கிறதா என்று பாருங்கள், நூற்றுக்கணக்கில் பெயர் எழுதியிருந்தால் பாதிக்கு மேல் ஃப்ரீசரில் இருந்துதான் வரும். சிலேட்டில் எழுதி அழித்திருப்பது, 'அது தீர்ந்துபோச்சு' என்று சப்ளையர் சொல்வது எல்லாம் நல்ல சகுனம். உட்கார்ந்திருப்பவர்களின் தட்டைப் பாருங்கள், பாதிப் பேர் ஒரே அயிட்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கடைக்கு நீங்கள் போக வேண்டிய காரணம் அதுதான், மெனுவைப் படிக்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் 'இன்று என்ன வந்தது' என்று ஒரே கேள்வி. 2 பெயரை டக்கென்று சொன்னால் உட்காருங்கள். 'எல்லாம் இருக்கு' என்றால் ஒரு டீயோடு கிளம்பிவிடலாம்.

மீனை எடை போட்டு விற்கிற கடைகளில் பேச்சை முதலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மெனுவில் விலை எழுதாமல் 'அன்றைய விலை' என்று போட்டிருப்பது தவறில்லை, கரையில் விலை தினமும் ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் விலை முழு மீனுக்கா சுத்தம் செய்த பிறகா, சமைக்கிற கூலி அதில் சேர்ந்ததா, வரி தனியா என்று கேட்டு, உங்கள் கண் முன்னால் தராசில் வைத்து, மொத்தத் தொகையைச் சொல்லச் சொன்ன பிறகுதான் அடுப்புக்குப் போக வேண்டும். தலை, குடல், செதில் எல்லாம் போனால் முழு மீனின் எடையில் கணிசமான பங்கு போய்விடும், அதனால் தட்டில் வருவதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கும் போகாதீர்கள். முதல் தடவை போகிற கடையில் ஒன்றிரண்டு அயிட்டம் மட்டும் சொல்லுங்கள், பிடித்திருந்தால் மேலும் சொல்லிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வயிற்றில் அடுத்த கடைக்கு இடம் இருக்கும்.

உடம்புக்கு வரக்கூடியதையும் சொல்லியாக வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும், அது சமைத்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போல நாக்கு சுறுசுறுவென்றால் அதற்கு மேல் ஒரு வாய் கூடச் சாப்பிட வேண்டாம். முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு எல்லாம் சீக்கிரமே வரும், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பவளப்பாறை உள்ள வெப்பக் கடல்களில் பெரிய சீலா, பெரிய களவா மாதிரியான மீன்களில் சிகுவாடெரா என்ற நச்சு சேரலாம், நுண்பாசியில் உண்டாகிச் சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்குப் போகிற நச்சு அது, பார்த்தாலும் முகர்ந்தாலும் தெரியாது, வேகவைத்தாலும் அழியாது. அப்படிப்பட்ட கரைகளில் பெரிய மீனுக்கு ஆசைப்படாமல் சின்னதைச் சாப்பிடுவது நல்லது. பச்சை மீன் பரிமாறுகிற கடையில் 'முன்பே உறைய வைத்தது' என்று சொன்னால் மட்டமாக நினைக்காதீர்கள், −20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைந்தால் மீனில் இருக்கிற ஒட்டுண்ணிப் புழுக்கள் செத்துவிடும், அதற்காகத்தான் செய்கிறார்கள். பச்சைச் சிப்பி விஷயத்தில் நான் கண்டிப்பானவன், கடல் தண்ணீர் சூடாக இருக்கிற மாதங்களில் விப்ரியோ கிருமி பெருகும், கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் எந்த மாதத்திலும் அதைத் தொடக்கூடாது.

கூட வருகிறவருக்கு இறால், நண்டு அலர்ஜி இருந்தால் அல்லது அவர் சைவம் என்றால், 'இதில் மீன் இருக்கிறதா' என்று கேட்பது போதாது. அதே எண்ணெயில் பொரித்ததா, அதே கல்லில் சுட்டதா, குழம்புக்கு மீன் தண்ணீர் ஊற்றியதா என்று கேட்க வேண்டும். கடலோரம் என்பதால் எல்லா வேளையும் மீனே தேட வேண்டியதும் இல்லை, துறைமுக நகரங்களுக்குப் பல திசையிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவரவர் சாப்பாட்டையும் கொண்டுவந்திருப்பார்கள், காலை டிபனும் அடுமனையும் வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய சின்னக் கடைகளும் பல ஊர்களில் மீன் கடைகளைவிட மேலாக இருக்கும்.

இரண்டு மூன்று நாள் தங்குகிறீர்கள் என்றால், பிடித்த கடைக்கு இரண்டாவது முறை கட்டாயம் போங்கள், புதுக் கடை பார்க்கும் ஆசையில் இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் போய், நேற்று சாப்பிட்டது எது, எது பிடித்தது என்று சொல்லுங்கள். நாளைக்கு என்ன மீன் வரும், எத்தனை மணிக்கு வந்தால் கிடைக்கும் என்று கேளுங்கள். முடிந்தால் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், பல கடைகளில் எடுத்து வைப்பார்கள். ஊருக்குக் கிளம்பும்போது பார்சல் வாங்கினால் 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு.