பாதியில் நின்ற மன்னிப்பு

தங்கையை அடித்துவிட்டு மகன் சொல்லும் ‘சாரி’ மனப்பாடச் செய்யுள் மாதிரியே வரும். மறுநாள் மறுபடியும் அடி. முகத்தைப் பார்த்துச் சொல்ல வைத்தேன், டிவியை நிறுத்தினேன், பைபிள் வசனம் எழுத வைத்தேன். பத்து நாள் வீண்.

அப்புறம் குடும்ப ஜெபத்தில் பைபிளில் லூக்கா 15-ல், தகப்பன் சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய குமாரன் கதையை வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 19-ஆம் வசனத்தில் ‘கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்’ என்று சொல்லத் தயார் செய்கிறான். 21-இல் அந்த வரியே இல்லை. தகப்பன் அதற்குள் அவனை மகனாகவே ஏற்று, உடுத்த அங்கி கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்! எத்தனை தடவை வாசித்தும் கவனித்ததில்லை.

அடுத்த முறை “இனிமேல்...” என்று என் மகன் ஆரம்பித்ததுமே கட்டிக்கொண்டேன். விறைத்து நின்றான். சற்றுக் கழித்து, “அவ கலர் பென்சிலையும் நான்தான் உடைச்சேன்ப்பா” என்றான். கேட்காமலே. பென்சிலைச் சீவித் தங்கையிடம் அவனே கொடுத்தான். மூன்று வாரமாக அடிதடி இல்லை.