கரகல்லா குளியல் கூடத்துக்கு போறீங்களா? நான் பண்ண தப்ப பண்ணாதீங்க

ரோம் போற நம்மாளுங்க நெறைய பேர் காலைல கொலோசியம், மத்தியானம் கரகல்லாங்கிற ரோமானியப் பேரரசர் பேர்ல இருக்கிற, இப்ப இடிஞ்சு நிக்கிற பழைய பொதுக் குளியல் கூடம்னு ஒரே நாள்ல அடுக்கிடுறாங்க. நானும் அதேதான் பண்ணேன், ஜூலை மாசம், உச்சி வெயிலு, கூரையே இல்லாத இடம், பாட்டில்ல தண்ணி வேற காலி. முப்பது மீட்டருக்கு மேல நிக்கிற செங்கல் செவுத்த அண்ணாந்து பாத்து ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு அர மணி நேரத்துல வெளிய ஓடி வந்துட்டேன். குளிக்க கட்டின இடத்துல வேர்வைல குளிச்சதுதான் மிச்சம். அதனால காலைல தொறந்ததும் போயிடுங்க, சிர்கோ மாசிமோ மெட்ரோல எறங்கினா நடக்கிற தூரம்தான், திங்கக்கிழமை மட்டும் வேணாம்.

அதவிட பெரிய தப்பு, எந்த ரூம் எதுக்குன்னு தெரியாம சுத்துறது. கி.பி. 216ல தொறந்த இடம் இது, அங்க குளியல்னா ஒரு வரிசை இருக்கு: மொதல்ல உடற்பயிற்சி, வேர்த்து விறுவிறுக்க வெந்நீர் கூடம், அப்புறம் வெதுவெதுப்பா ஒரு ரூம், பச்சத்தண்ணி கூடம், கடைசியா நீச்சல் குளம். இதுல வெந்நீர் கூடத்ததான் எல்லாரும் கோட்டை விடுறாங்க, ஏன்னா வட்டமா பெரிய குவிமாடத்தோட இருந்தது இடிஞ்சு போய் இப்ப சில தூண் மிச்சம்தான் நிக்குது, பாத்தா வெறும் பொட்டல் மாதிரி இருக்கும். அது தென்மேற்கு பாத்து இருக்குங்க, ரோமானியர் மத்தியானத்துக்கு மேலதான் குளிக்க வருவாங்க, அந்த சாயங்கால வெயிலும் சூட்டுக்கு உதவட்டும்னுதான். மீதி சூடெல்லாம் கீழருந்து, விறகு அடுப்புல வர்ற அனல் தரைக்கு அடியில குட்டி குட்டி செங்கல் தூணுங்களுக்கு நடுவுல ஓடி, செவுத்துக்குள்ள பதிச்ச மண்குழாய் வழியா மேல ஏறும்.

"சிலையெல்லாம் எங்கப்பா"ன்னு தேடி ஏமாறாதீங்க. 1540கள்ல அப்போதைய போப்பாண்டவரோட ஃபர்னேசே குடும்பம் தோண்டி எடுத்த ராட்சச ஹெர்குலிஸ் சிலை இப்ப நேப்பிள்ஸ் மியூசியத்துல, விளையாட்டு வீரர்கள் மொசைக் வத்திக்கான்ல. இங்க இருந்த ரெண்டு கிரானைட் தொட்டி ரோம்லயே ஃபர்னேசே சதுக்கத்துல ஃபவுண்டனா நிக்குது, அத பாக்க டிக்கெட்டே வேணாம்.

இங்கிலாந்துல பாத் (Bath)ங்கிற ஊர்லயும் ரோமானியர் குளியல் கூடம் ஒண்ணு இருக்கு, அங்க போனா வேற ஒரு ஆச வரும், பச்சையா ஆவி பறக்கிற தண்ணில கைய விடணும்னு. விடாதீங்க. கூரை போயி வெயில் படுறதால வளந்த பாசிதான் அந்தப் பச்சை, தண்ணி சுத்தம் பண்ணாதது, 1978ல அந்த ஊர் ஊற்றுத் தண்ணில நீந்தின ஒரு சின்னப் பொண்ணு அமீபா தொத்தி செத்தே போச்சு. குளத்த சுத்தி மேல நிக்கிற சிலைங்களும் ரோமானியர் வெச்சது கெடையாது, 19ஆம் நூற்றாண்டு சரக்கு.

திரும்ப கரகல்லாவுக்கு வருவோம். எல்லாரும் மேலயே பாப்பாங்க, நீங்க கீழ பாருங்க. நீச்சல் குளத்து ஓரத்துல ஒரு பளிங்குக் கல்லுல வரிசையா குழி குழியா செதுக்கி இருக்கும், பாத்தா நம்ம பல்லாங்குழி பலகை மாதிரியே. தண்ணில எறங்காம ஓரத்துல உக்காந்து விளையாடிட்டு இருந்த பயலுங்க வேலை அது.