சென்னையில் வாடகை வீடு: வெளியூர்க்காரர்கள் கேட்காமல் விடுபவை

ஜூன் பிறந்தால் வேலைக்கும் படிப்புக்கும் சென்னை வருகிறவர்கள் டு-லெட் போர்டு தேடி அலைகிறார்கள். ஆபீஸ் எவ்வளவு தூரம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஊர்க்காரர் கேட்டு, வந்தவர் கேட்காமல் விடுவது வேறு.

மழைத்தண்ணீரை விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

வருடா வருடம் பார்த்தும் இதைப் பொறுக்க முடியவில்லை. வெயில் காலத்தில் போகிறார்கள். டைல்ஸ் பளபளக்கிறது, காற்று வருகிறது, அன்றே அட்வான்ஸ். டிசம்பரில் பீரோவின் கீழ்த்தட்டில் தண்ணீர். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் 2015-இல் தெருவுக்குள் படகு வந்தது. 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியவே நாட்கள் ஆயின.

ஊர்க்காரர் முதலில் தெருவைப் பார்ப்பார். சாலை மேல் சாலை போட்டுப் போட்டு, பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. வாசலில் படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் தரைத்தளம் வேண்டாம். காம்பவுண்டு சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா? இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட்டா? அக்கம்பக்கத்தில் ஈபி மீட்டரை மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா? சம்ப் எனும் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி தரையோடு தரையாக இருந்தால் தெருத்தண்ணீரும் சாக்கடையும் அதற்குள்தான் இறங்கும். வெள்ளம் வடிந்த பிறகும் சம்பைக் கழுவும்வரை குளிக்கக்கூட முடியாது.

புரோக்கரிடம் “தண்ணி நிக்குமா?” என்றால் “நிக்காது சார்” என்றுதான் பதில் வரும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள்: “அண்ணே, 2015-ல எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல?” வருடம் சொல்லிக் கேட்டால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று அளவோடு சொல்வார். இடத்தின் பெயரில் ஏரி, தாங்கல் என்று இருந்தால் இன்னும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். தாங்கல் என்றாலே சின்ன ஏரிதான்.

கோடைத் தண்ணீரைக் கணக்குப் போடாதது

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 4 பேருக்கு 540. ஆறு வீடு உள்ள அடுக்ககத்துக்கு 3,240. போர் வற்றினால் 12,000 லிட்டர் லாரி முழுதாக நான்கு நாள் வராது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, காசு கொடுத்தும் லாரிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. லாரிச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா என்பதை அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள். குழாயடியில் மஞ்சள் கறை இருந்தால் போர் தண்ணீரில் இரும்பு. சோப்பு நுரைக்காவிட்டால் உப்பு.

கேட்ட அட்வான்ஸை அப்படியே கொடுப்பது

2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்வது 3 மாத வாடகை. ஆனால், அதற்கு மேல் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஆகவே பேச்சு கையெழுத்துக்கு முன். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடியில் தேடாதது

குடிபோக ஆள் வராத மாதம். ஓனர் இறங்கி வருவார்.

கரண்ட்

தனி மீட்டரா என்று பாருங்கள். ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து மாட்டிய சப்-மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கான 100 இலவச யூனிட் உங்கள் கைக்கு வராமலே போகலாம்.