செம்மண் பாதைக்குப் பட்டன் டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் என்று பைக் வாங்கிக்கொண்டு கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து மண்பாதைகளுக்கு வரும் தம்பிகள் இப்போது அதிகம். சந்தோஷம்தான். ஆனால் டயர் விஷயத்தில் பழைய ஆட்கள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். மொட்டை டயரோடு கிளம்பக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

செம்புறாங்கல் பூமிக்குச் சேற்று டயர்

பட்டன், அதாவது டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை, எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிடிமானம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். உயரமான, இடைவெளி விட்ட பட்டன்கள் சேற்றுக்கும் மணலுக்கும் செய்தவை. மண்ணுக்குள் புதைந்து இழுக்கும். சக்கரம் சுற்றும்போது இடுக்கில் இருக்கிற சேறு உதிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்குள் இறங்குகிறவருக்கு அது சரி.

மற்ற மாதங்களில் நம் பாதை எப்படி இருக்கிறது? அடியில் இறுகிய செம்புறாங்கல், மேலே உருளுகிற சரளை. பட்டன் புதைய இடமே இல்லை. நுனியில் நின்று வளைகிறது, திருப்பத்தில் நழுவுகிறது, அடிப்பக்கம் கிழிகிறது.

போன கோடையில் ஒரு தம்பி, "அண்ணே, டயர் தேயவே இல்லை, ஆனா வழுக்குது" என்றான். குனிந்து நடுவரிசைப் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். அடியில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. அடுத்த பட்டன் பாதி பிய்ந்து தொங்கியது. டயரின் பக்கச்சுவரில் 'என்ஹெச்எஸ்' என்ற எழுத்துகள் தெளிவாக இருந்தன. நெடுஞ்சாலைக்கு உரியதல்ல என்று அதற்கு அர்த்தம். அந்த டயரில்தான் தினமும் தார் ரோட்டில் வேலைக்குப் போய் வந்திருக்கிறான்! விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் போனால் போகட்டும். பேருந்துக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது வழுக்கியிருந்தால்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

கெட்டித்தரைக்கு வேண்டியது குட்டையான, நெருக்கமான பட்டன். அந்த வகையில் ரப்பர் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். 'சீக்கிரம் தேய்ந்துவிடுமே' என்று பயந்து ஒதுக்காதீர்கள், கல்லைப் பற்றுவது அந்த மென்மைதான். தினமும் தார் ரோட்டிலும் ஓட்டுகிறவர்கள் இரண்டுக்கும் பொதுவான டூயல் ஸ்போர்ட் டயர் போட்டால் போதும்.

அகலமான பின்டயர்

வேண்டாம். ரிம் அதே அகலம்தானே, பெரிய டயர் அதில் சரியாக உட்காராது.

காற்றை இறக்கிவிட்டு மறந்துபோவது

ஆற்று மணலில் காற்றைக் குறைத்தால் வண்டி மிதந்து போகும், உண்மைதான். அதே காற்றோடு சரளையில் ஏறினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாத வண்டியில் ரொம்பவும் இறக்கினால் டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுக்கும், வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. மணலைத் தாண்டியதும் நிறுத்தி, கைப்பம்பில் அடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சீமைக்கருவேல முள்

எந்த டயரும் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஒடிந்து நிற்கிற முனைகளைக் குறடால் பிடுங்குங்கள். விட்டுவைத்தால் ஓட ஓட உள்ளே இறங்கும். அப்புறம், பையில் ஒரு 21 அங்குல டியூப் இருக்கட்டும். முன்சக்கரத்துக்கான அந்த அளவு எல்லாப் பஞ்சர் கடையிலும் கிடைக்காது. அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்துக்குள்ளும் அதையே திணித்து, மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேரலாம்.