ஊழியப் பயணத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு

குறுகிய கால ஊழியப் பயணத்துக்குப் பெயர் கொடுத்ததும் எல்லாரும் ஆக்‌ஷன் பாட்டு தேடுவார்கள், பரிசுப் பொருள் வாங்குவார்கள், டீ-ஷர்ட் அச்சடிப்பார்கள். அதெல்லாம் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே உங்களைக் கூப்பிடுகிறவர் யார், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறவர் யார் என்பதுதான். நல்ல சபையாக இருந்தால் வருஷம் முழுக்க ஞாயிறு பள்ளி எடுக்கிற ஒருவர் அங்கே இருப்பார். எந்த வீட்டில் இப்போது வேலையில்லை, எந்தப் பிள்ளை கூட்டத்தைக் கண்டால் மிரளும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் போவது அவருக்குத் துணையாக. அப்படி ஒருவரே இல்லாத இடம், அல்லது அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியிலிருந்து போகிற குழுவே எல்லாவற்றையும் முடிவு செய்கிற பயணம் என்றால், அதில் சேர வேண்டாம் என்றே சொல்வேன்.

பயணத் திட்டத்தில் அனாதை இல்லத்தில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இருந்தால் இன்னும் கவனமாக யோசியுங்கள். சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை, இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகச் சொன்னது. வறுமை, படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை, இவைதான் பெரும்பாலும் அவர்களை அங்கே கொண்டு சேர்க்கின்றன. சில நாடுகளில் வெளிநாட்டு விருந்தாளிகளும் அவர்கள் காணிக்கையும் வருகின்றன என்பதற்காகவே இல்லங்கள் முளைக்கின்றன, அவற்றை நிரப்ப வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். ஆஸ்திரேலியா 2018இல் இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றும், காப்பகங்களில் தன்னார்வலர்களால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அன்றைக்குத்தான் வந்த உங்கள் மடியில் ஒரு பிள்ளை ஓடி வந்து ஏறி உட்கார்ந்தால் மனசு உருகத்தான் செய்யும். ஆனால் முன்பின் தெரியாத யாரிடமும் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒருவர் கையில் வளராத பிள்ளைகளிடம் மருத்துவர்கள் குறித்துவைத்திருக்கும் ஓர் அறிகுறி. பாசம் காட்டிவிட்டுச் சில நாளில் காணாமல் போகிறவர்களின் வரிசையில் நீங்களும் ஒருவராகப் போக வேண்டுமா? மாலையானால் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குத் திரும்புகிற வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்பு, விளையாட்டு முகாம், உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கடைசியாகச் சொன்னது ஃபோட்டோவில் எடுபடாது, ஆனால் நீங்கள் போன பிறகும் நிற்கும்.

அப்புறம் சட்டம். சுற்றுலா விசாவில் போய் ஊழியமோ தன்னார்வ வேலையோ செய்ய முடியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், பல நாடுகளில் முடியாது. இதைப் பயணத்தை ஏற்பாடு செய்கிறவரிடம் மட்டும் கேட்டால் போதாது, தூதரகத்தின் விதிகளை நீங்களே வாசியுங்கள். பிள்ளைகளோடு செய்யும் ஊழியம் சில இடங்களில் பெரியவர்களோடு செய்வதைவிடக் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. இந்தோனேசியாவின் 2002ஆம் ஆண்டுச் சிறுவர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளையும் ஞாயிறு பள்ளிக்கு வரவிட்டதற்காக 2005இல் மூன்று பெண்களுக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. மொராக்கோவின் தண்டனைச் சட்டம் பள்ளி, மருத்துவமனை, அனாதை இல்லம் வழியாக ஒரு முஸ்லிமின் விசுவாசத்தை அசைக்க முயல்வதைக் குற்றமாகச் சொல்கிறது. நேபாளத்தில் மதமாற்றம் செய்வதற்கு ஐந்தாண்டு வரை சிறை, வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாடுகடத்தல். பிரச்சினை வந்தால் உங்களைப் பெரும்பாலும் விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், உங்களை அழைத்த போதகரும் அந்த ஆசிரியரும் வழக்கோடு அங்கேயே கிடப்பார்கள். அதனால் எதைப் பேசலாம், எங்கே பேசலாம் என்ற முடிவு அவர்களுடையது. ‘பயப்படாதீர்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று வெளியிலிருந்து போய் நாம் அவர்களுக்குச் சொல்வது தைரியம் ஆகாது.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் பூகம்பம் வந்த பிறகு, அமெரிக்காவிலிருந்து போன பத்துப் பேர் கொண்ட பாப்டிஸ்ட் குழு ஒன்று 33 பிள்ளைகளைச் சரியான ஆவணமில்லாமல் எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று கைதானது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். எவ்வளவு அவசரம் போலத் தோன்றினாலும் ஒரு பிள்ளையை அதன் இடத்திலிருந்து நகர்த்தும் முடிவு உங்கள் கையில் இல்லை. எல்லை வரை போக வேண்டாம், பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போவதற்கும் இது பொருந்தும்.

உங்களை அனுப்புகிற அமைப்பைச் சோதிக்க ஒரு நல்ல வழி, அது உங்களை எப்படிச் சோதிக்கிறது என்று பார்ப்பது. போலீஸ் கிளியரன்ஸ் கேட்டார்களா? உங்களைத் தெரிந்த இரண்டு பேரிடமாவது விசாரித்தார்களா? சிறுவர் பாதுகாப்புக் கொள்கையைக் கையில் கொடுத்து, வாசித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்களா? ஏதாவது தவறு நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்தார்களா? பணம் கட்டியதும் ‘வாங்க பிரதர், வாங்க சிஸ்டர்’ என்று சேர்த்துக்கொள்கிற அமைப்பு மற்ற எல்லாரையும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டிருக்கும். சிறியரில் ஒருவருக்கு இடறல் உண்டாக்குவதைவிட ஏந்திரக்கல்லோடு கடலில் ஆழ்வது நலம் என்று வாசிக்கிற நாம், இந்தக் கேள்விகளைச் சந்தேகப் புத்தி என்று நினைக்கவே கூடாது.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால், சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். மலேரியா மாத்திரை கொடுத்தால் ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். தட்டம்மை ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இது உங்களுக்காக மட்டும் இல்லை, கிருமியை நீங்களே கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருக்கவும்தான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றைக்கு அறையிலேயே இருங்கள்.

நிகழ்ச்சிக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்கு நிகழ்ச்சி தயாரித்தால் மொழிபெயர்ப்போடு அது இரண்டு மணி நேரம் ஆகும், பாதியை இப்போதே வெட்டிவிடுங்கள். ஒரு சிறிய வாக்கியம், நிறுத்தம், மொழிபெயர்ப்பு, அடுத்த வாக்கியம். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் வினைச்சொல் கடைசியில் வரும் மொழிக்காரர் தவித்துப்போவார். கதையை முந்தின நாள் இரவே மொழிபெயர்ப்பாளரிடம் முழுசாகச் சொல்லிக் காட்டுங்கள். அவருக்குச் சிரிப்பு வராத ஜோக்குக்குப் பிள்ளைகளும் சிரிக்க மாட்டார்கள். இன்னும் நல்லது, கதையை உள்ளூர் ஆசிரியரே சொல்லட்டும், நீங்கள் நடித்துக் காட்டுங்கள், கழுதையாகவோ கோலியாத்தாகவோ. பாட்டும் அவர்களுடைய பாட்டே இருக்கட்டும், அதை நீங்கள் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்வதைப் பார்ப்பதைப்போலப் பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை.

கொண்டுபோகும் பொருட்களை ஒருமுறை மறுபடியும் பாருங்கள். எழுத்தே இல்லாமல் வண்ணத் தாள்களால் சுவிசேஷம் சொல்லும் புத்தகம் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866இல் செய்த ஒரு பிரசங்கத்திலிருந்து வந்தது, இன்றைக்கும் வண்ண மணி கோத்த கயிறாகவும் கைவளையமாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கறுப்பு என்றால் பாவம், வெள்ளை என்றால் சுத்தம். கறுத்த தோலுள்ள பிள்ளைகள் நடுவில் நின்று அதைச் சொல்வது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். அந்தத் தாளை இருட்டு என்று சொல்லலாம், அல்லது வேறு கருவியே எடுத்துக்கொள்ளலாம். பலூன் வேண்டாம், எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் தொண்டையில் வெடித்த துண்டு சிக்கி மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு. சாக்லேட், பேனா, பொம்மையை நீங்களே கையில் கொடுக்காமல் ஆசிரியர் வழியாகக் கொடுங்கள். எல்லாருக்கும் போதாது என்றால் யாருக்கும் எடுக்க வேண்டாம்.

எத்தனை பெரியவர்கள் வேண்டும்? பிரிட்டனின் சிறுவர் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி நான்கு முதல் எட்டு வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எட்டுப் பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது, ஆனாலும் எப்போதும் குறைந்தது இரண்டு பேர். ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம், ஜெபம் செய்வதற்கென்றாலும். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உள்ளூர் ஆட்களின் வேலை. தூக்குவது, கட்டிப்பிடிப்பது, தலையில் கை வைப்பது எல்லாம் அங்கே எப்படிப் பார்க்கப்படும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள், பிள்ளையே கை நீட்டினால் ஹைஃபைவ் போதும்.

நிகழ்ச்சி முடிவில் ‘இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்’ என்றால் அத்தனை கையும் எழும். பரிசு கொடுக்கிற வெளிநாட்டு மாமா கேட்டால் பிள்ளைகள் எதற்கும் கை தூக்குவார்கள், மறுநாள் கேட்டாலும் அதே கைகள் மறுபடி எழும். அந்த எண்ணிக்கையை அறிக்கையில் போடாதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையிடம் எந்த முடிவும் வாங்காதீர்கள். கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லலாம், மிச்சத்தை அந்த ஆசிரியர் வரும் மாதங்களில் வீட்டோடு பேசிக்கொள்வார்.

ஃபோட்டோ எடுக்கும் முன் பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். முகம், பெயர், இடம் மூன்றும் ஒரே பதிவில் வரக் கூடாது. அழுக்கு உடையில் அழுகிற பிள்ளையின் படத்தைப் போட்டுக் காணிக்கை திரட்டுகிற வழக்கம் இன்னும் ஓயவில்லை. உங்கள் மகளை யாராவது அப்படிப் படம் எடுத்து முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பினால் விடுவீர்களா?

ஒரு பிள்ளை தன்னை ஒருவர் அடிப்பதையோ தப்பாகத் தொடுவதையோ உங்களிடம் சொல்லலாம், சில நாளில் போய்விடுவீர்கள் என்பதாலேயே சொல்லலாம். அப்போது முகத்தை மாற்றாமல் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை, உதவி செய்யக்கூடியவரிடம் இதைச் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அன்றைக்கே சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிள்ளை யாரைப் பற்றிச் சொன்னதோ அவர் சபையில் பெரியவராக இருந்தாலும் அவரிடம் போய் நீங்கள் விசாரிக்காதீர்கள். பொறுப்பாளரே அவர்தான் என்றால் உங்களை அனுப்பிய அமைப்பின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எந்தக் கிழமை கிளம்புகிறீர்கள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ‘அடுத்த வருஷம் வருவேன்’ என்று சொல்லாதீர்கள், டிக்கெட் கையில் இருந்தாலொழிய. கடைசி நாளை அழுகை நிகழ்ச்சியாக ஆக்காமல் வழக்கம்போல நடத்தி, முடிவில் ஆசிரியரை முன்னால் நிறுத்தி, அடுத்த ஞாயிறு என்ன நடக்கும் என்று அவர் சொல்ல விடுங்கள். ஊர் வந்த பிறகு பிள்ளைகள் இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ தேடி வந்தால் தனியாகப் பேசாதீர்கள், ஆசிரியர் வழியாக எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாழ்த்து அனுப்பலாம். பணம் அனுப்பச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான், நேராகப் பிள்ளைக்கு அனுப்பாமல், சபையிடம் கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.