பயணத்துக்குச் சின்ன வீடியோ கேமரா: கடையிலேயே சோதித்து வாங்குங்கள்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி, உச்சிவெயிலிலிருந்து குகைக்குள் நுழையும் அந்தச் சில விநாடிகள்தான் சின்ன கேமராவுக்கு உண்மையான பரீட்சை. கை ஆடும், வெளிச்சம் சட்டென்று மங்கும். பெட்டியில் 8கே என்று பெரிதாகப் போட்டிருப்பது அங்கே உதவாது. ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் எவ்வளவு பெரியது, ஆட்டத்தை எது அடக்குகிறது என்ற இரண்டும்தான் உதவும்.

1 அங்குலம் என்பது வகைப்பெயர்தான்; அந்தச் சென்சாரின் உண்மையான அளவு 13.2 x 8.8 மி.மீ. பழைய ஆக்‌ஷன் கேமராக்களில் இருந்த 1/2.3 அங்குலச் சென்சாரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு. குகை நிழலில் படம் புள்ளி புள்ளியாக உதிராமல் இருப்பது இதனால்தான்.

ஆட்டத்தை மென்பொருளால் அடக்கும் கேமராக்கள் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை நிலைநிறுத்துகின்றன. வெயிலில் இது அருமையாக வேலை செய்யும். இருட்டில் ஷட்டர் மெதுவாகிவிடுவதால் ஒவ்வொரு ஃபிரேமும் ஏற்கெனவே கலங்கித்தான் பதிவாகும். சட்டகம் அசையாமல் நிற்க, உள்ளே விளக்குகள் மட்டும் துடிப்பதுபோல் தெரியும். லென்ஸையே தாங்கித் திருப்பும் கிம்பலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 179 கிராம் எடையுள்ள டிஜேஐ ஓஸ்மோ பாக்கெட் 3-இல் 1 அங்குலச் சென்சார், கிம்பல் இரண்டும் உண்டு. கோயில், இரவுச் சந்தை என்று சுற்றுகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு அதுவே. ஆனால் அது மழை தாங்காது. தீவுக்குப் போய்க் கடலில் இறங்குவதாக இருந்தால், உறையில்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும் கோப்ரோ வாங்குங்கள். இரவுப் படங்கள் சுமாராகத்தான் வரும்.

கோலாலம்பூரில் மின்னணுச் சாதனக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போகும்போது உங்கள் மைக்ரோ எஸ்டி கார்டையே கொண்டுபோங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவில் போட்டு, கையை நீட்டி முகத்தைப் பார்த்தபடி இருபது அடி நடங்கள். ஆட்டக் கட்டுப்பாடு ஓரத்தை வெட்டியபின் முகமே சட்டகத்தை நிறைத்தால், லென்ஸின் அகலம் போதாது. பிறகு கடை விளக்கை நோக்கி 1/60 விநாடி, 1/50 விநாடி என இரண்டு ஷட்டர் வேகத்திலும் எடுங்கள். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 1/60-இல் படத்தில் பட்டைகள் ஊரலாம். மெனுவில் பிஏஎல் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி, விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அநேகமாக மறைந்துவிடும். வெயிலில் ஷட்டரை ஆட்டோவுக்கே விட்டுவிடலாம். எடுத்ததை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏபி செட், அதாவது அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதி, விலை குறைவுதான். பழுதானால் அதிகாரப்பூர்வ உத்தரவாதம் கிடைக்காது.

தைப்பூசத்துக்கு எடுப்பவர்கள் ஒலி அளவைக் கையால் குறைக்க முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். உறுமி மேளம் நெருங்கும்போது சின்ன மைக் திணறி, மேளம் முழுக்கக் கரகரப்பாகிவிடும். கேமராத் திரையின் ஒலிமானியில் மேளத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். பதிவானபின் கரகரப்பை எடுப்பது ஏறக்குறைய இயலாது.

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் நிமிடத்துக்கு 750 மெகாபைட் ஆகும். 64 ஜிபி கார்டு ஏறக்குறைய 80 நிமிடம் வரும். எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 குறி உள்ள கார்டு போதும். போலிக் கார்டுகள் பாதிக்குமேல் பதிவை விழுங்கிவிடும் என்பதால், கிளம்புமுன் ஒருமுறை முழுக்க நிரப்பி ஓடவிட்டுப் பாருங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளிச்சூட்டில் வைத்துவிட்டு எடுங்கள்.