கூலன்ட் கலங்கி வண்டி சூடேறினால் செய்யக்கூடாதவை

மண்டபம் ஊரைத் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டால், ஓரங்கட்டியதும் பலருக்குக் கை போவது ரேடியேட்டர் மூடிக்குத்தான். திறந்தால் உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும், அதுவரை தொட வேண்டாம்.

அடுத்தது, குறைந்த கூலன்ட்டுக்குப் பதில் ஊற்றும் தண்ணீர். நம் கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அது அரித்துவிடும். வேறு வழியில்லாவிட்டால் கேன் தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேருங்கள், அப்புறம் முழுசாக வடித்துவிடுங்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு பட்டறையில் நடக்கிறது. "கூலன்ட் கெட்டுப்போச்சு, கழுவிட்டுப் புதுசு ஊத்திடலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நோயைக் காட்டுவதே அந்த அழுக்குதான். கொஞ்சம் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். துரு என்றால் அடியில் படியும். எண்ணெய் மேலே ஏறும். ஏறாமல் பால்போலக் கலந்தே நின்றாலும் விரலில் தேய்த்தால் பிசுக்குத் தெரியும். பிசுக்கில்லாமல் கூழாக இருந்தால், ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்ட்டை யாரோ கலந்திருக்கலாம்.

எண்ணெய் இருந்தால் உடனே "ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போச்சு" என்று தீர்ப்பு எழுதுவதும் அவசரம்தான். கூலன்ட்டால் இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் கசிந்தாலும் இப்படித்தான் ஆகும். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் பொதுவாகக் கூலன்ட்டைவிட அதிகம். அதனால் எண்ணெய் கூலன்ட் பக்கம் வரும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கோ சுத்தமாகவே இருக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டி சிலவற்றில் கியர்பாக்ஸ் ஆயிலும் ரேடியேட்டருக்குள்தான் குளிர்கிறது. கலங்கல் இளஞ்சிவப்பாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ஹெட்டைக் கழற்றும் முன் பிளாக் டெஸ்ட் கேளுங்கள்; ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீல மருந்து வழியே இழுத்துப் பார்க்கும் சோதனை அது. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் மருந்து நிறம் மாறும், பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும். கூலன்ட்டையே மருந்துக்குள் உறிஞ்சிவிட்டால் சோதனை வீண்.

சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர்ப் பழக்கம். அது நோயை மறைக்கும், தீர்க்காது.

கசிவை அடைத்த பிறகு ஒருமுறை கழுவினால் போதாது. எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர் ஹோஸ்களையும் மாற்ற வேண்டும். புதுக் கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் பாதிக்குப் பாதி கலக்குங்கள்; முன்பே தண்ணீர் கலந்த ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். கையோடு ரேடியேட்டரின் முன்பக்கத்தையும் பாருங்கள். உப்புக்காற்றில் பொடிந்த ஃபின்களோடு (மெல்லிய குளிர்விப்புத் தகடுகள்) ஓடுகிற வண்டி, கூலன்ட் சுத்தமாக இருந்தாலும் சூடேறும்.